கேம்பர் வாகனத்தின் தண்ணீர் அமைப்பை உறைபனியிலிருந்து காப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்பர் வாகனத்தைக் குளிர்காலம் முழுவதும் நிறுத்தி வைப்பவர்களுக்கும், உறைபனியிலேயே அதில் தங்கிப் பயணம் செய்பவர்களுக்கும் எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. பெரிய தொட்டியைக் காலி செய்வது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் உறைபனியில் உடையும் பாகங்களில் பெரும்பாலானவை, யாரும் நினைத்துப் பார்க்காத மூலையில் தங்கிவிட்ட கைப்பிடி அளவு நீரால்தான் உடைகின்றன. ஆகவே, நீர் எங்கெல்லாம் தேங்கி நிற்கும் என்பதையே இந்த விடைகள் திரும்பத் திரும்பத் தேடிச் செல்கின்றன.

தண்ணீர் உறைந்தால் பைப் ஏன் வெடிக்கிறது?

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. பனிக்கட்டி உருவாகும் இடத்திலேயே பைப் பிளக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்; பல நேரங்களில் நடப்பது வேறு. பைப்பின் ஓரிடத்தில் பனிக்கட்டி முழுமையாக அடைத்துக்கொண்டு வளரும்போது, அதற்கும் மூடிய குழாய்க்கும் இடையில் இன்னும் உறையாமல் இருக்கும் நீர் தப்பிக்க வழியின்றி நெருக்கப்படுகிறது. அந்த அழுத்தம், பைப் வரிசையில் எது பலவீனமோ அதை உடைக்கிறது. வாகனத்தை நிறுத்தி வைக்கும் காலத்தில் எல்லாக் குழாய்களையும் திறந்தே வைக்கச் சொல்வது இதனால்தான்.

இன்றைய வாகனங்களில் பரவலாக இருக்கும் பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் பைப் ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும். அதை நம்பி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. பைப் நெகிழ்ந்தாலும் அதை இணைக்கும் பிளாஸ்டிக் முழங்கைகள், குழாய்களின் உட்பகுதி, பம்பின் தலைப்பகுதி, கழிவறை வால்வு, ஷவர் கலப்பு வால்வு ஆகியவை நெகிழாது. உடைவது பெரும்பாலும் இவைதான், இவற்றை மாற்றுவதற்குச் சுவர்ப் பலகையையோ அலமாரியையோ கழற்ற வேண்டியிருக்கும்.

எந்த வெப்பநிலையில் கவலைப்படத் தொடங்க வேண்டும்?

0 டிகிரி செல்சியஸை ஓரிரு மணி நேரம் தொட்டுவிட்டு மீண்டும் ஏறும் இரவு, பகல் முழுதும் வெயிலில் நின்ற வாகனத்தின் உட்புறப் பைப்புகளைப் பொதுவாக ஒன்றும் செய்யாது. உள்ளிருக்கும் பொருள்களில் தேங்கிய வெப்பம் அதுவரை தாங்கும். பூஜ்யத்துக்குக் கீழே பல மணி நேரம் நீடிப்பதும், பகலிலும் ஏறாமல் இருப்பதும்தான் ஆபத்து.

ஆனால் வாகனம் முழுவதும் ஒரே சீராகக் குளிர்வதில்லை. வெளியே கிடக்கும் ஹோஸ், வெளிப்புற ஷவர் பெட்டி, வாகனத்தின் அடியில் தொங்கும் வடிகால் பைப்புகள் ஆகியவை முதலில் உறையும். நிறைந்த பெரிய தொட்டி கடைசியில்தான் உறையும். காற்று வீசினால் வெப்பநிலை அதனால் மேலும் இறங்கிவிடாது என்றாலும், வாகனத்தில் உள்ள வெப்பம் விரைவாகப் பறிபோகும். அமைதியான இரவில் ஆறு மணி நேரம் தாக்குப்பிடித்த பைப், காற்றடிக்கும் இரவில் அதில் பாதி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். மேகமற்ற இரவுகளில் தரையோரக் காற்று, வானிலை அறிவிப்பில் சொன்ன அளவைவிடக் குளிர்ந்துவிடுவதும் உண்டு. ஆகையால் வாகனத்தைச் சூடேற்றாமல் விட்டுப் போகிறீர்கள், அறிவிப்போ 1 அல்லது 2 டிகிரி என்கிறது என்றால், நீரை வடித்துவிடுவதே நல்லது.

தொட்டி வற்றும்வரை பம்பை ஓடவிட்டால் போதாதா?

போதாது. தொட்டி வற்றியபின் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும். அதன்பின் பைப்புகளில் நிற்கும் நீரைத் தள்ளும் வலு அதற்கு இல்லை. குழாயில் நீர் வரவில்லை என்பதற்காக உள்ளே நீர் இல்லை என்று பொருளாகாது.

நீர் எங்கெல்லாம் மிஞ்சும் என்று பார்ப்போம். பம்பின் நுழைவாயிலில் ஒளிபுகும் மூடியுடன் சிறிய வடிகட்டிக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதன் மூடியைத் திருகிக் கழற்றினால், தொட்டி காலியாகி ஒரு மணி நேரம் கழிந்த பின்னும் இரண்டு மூன்று தேக்கரண்டி நீரும், சல்லடையில் ஒட்டிய பிளாஸ்டிக் துகள்களும் இருக்கும். அந்த இரண்டு தேக்கரண்டி நீர் உறைந்தால் கிண்ணம் விரிசல் விடும். பம்ப் அதன்பின் நீருக்குப் பதில் காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும். பம்பின் தலைப்பகுதியிலும் இதே கதைதான்.

ஹோஸைப் பொருத்தும் வெளிநீர் இணைப்பின் உள்ளே ஒருவழி வால்வு இருக்கிறது. அது நீரைப் பின்னோக்கி விடாது என்பதால், வடிகால்கள் அனைத்தையும் திறந்த பின்னும் தன் பின்னால் சிறிது நீரைப் பிடித்து வைத்திருக்கும். வெளிப்புற ஷவரின் ஹோஸ், கைப்பிடி ஷவரின் தலை, கழிவறையைக் கழுவும் சிறு தெளிப்பான், பைப் வரிசை தொய்ந்து தாழும் இடங்கள், கழுவுதொட்டிகளுக்கு அடியில் உள்ள வளைவுகள் ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாகனத்தை ஒரு பக்கம் சற்றே சாய்த்து நிறுத்தினால் வடிகால் துளைகளை நோக்கி நீர் இன்னும் கொஞ்சம் வரும். அப்போதும் முழுவதும் வந்துவிடாது.

எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

வெளிநீர் ஹோஸைக் கழற்றி, வெந்நீர் ஹீட்டரை அணைத்து ஆறவிடுவதில் தொடங்குங்கள். அது ஆறும் நேரத்தில் கழிவுத் தொட்டிகளை அதற்குரிய இடத்தில் கொட்டி அலசிவிடலாம். பிறகு சுத்த நீர்த் தொட்டியின் வடிகாலைத் திறந்து, வாகனத்தின் அடியில் தாழ்வான இடத்தில் இருக்கும் இரண்டு வடிகால்களையும் திறக்க வேண்டும். ஒன்று குளிர்நீர் வரிசைக்கும் மற்றொன்று வெந்நீர் வரிசைக்கும் உரியவை, பல வாகனங்களில் நீலம், சிவப்பு என நிறத்தால் பிரித்திருப்பார்கள். உள்ளே எல்லாக் குழாய்களையும் வெந்நீர்ப் பக்கமும் குளிர்நீர்ப் பக்கமும் திறந்து, கழிவறையின் மிதியை அழுத்திப் பிடித்தால் காற்று உள்ளே நுழைந்து நீர் தடையின்றி இறங்கும். பம்பை அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டு, அதில் நிற்கும் நீரை வெளியேற்றி அணைத்துவிடுங்கள்.

அடுத்து ஹீட்டரை வடித்து, ஹீட்டருக்குள் எதுவும் புகாமல் பைப்பிலேயே திருப்பிவிடும் பைபாஸ் வால்வைத் திருப்ப வேண்டும். அதன் பின்னரே காற்று செலுத்துவதும், உறைபனியிலிருந்து காக்கும் திரவமான ஆன்டிஃப்ரீஸ் செலுத்துவதும். இந்த வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்: பைப்பில் நீர் நிற்கும்போதே ஆன்டிஃப்ரீஸ் விட்டால் அது நீர்த்துப் போகும், ஹீட்டரை மறந்துவிட்டுக் காற்று செலுத்தினால் ஹீட்டரில் உள்ள நீர் மீண்டும் பைப்புகளுக்கே வந்து சேரும்.

ஹீட்டரை எப்படி வடிப்பது?

இந்த வேலையில் காயம் ஏற்படக்கூடிய கட்டம் இது ஒன்றுதான், ஆகவே அவசரப்பட வேண்டாம். கேஸ், மின்சாரம் இரண்டையும் அணைத்து, நீர் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் காத்திருங்கள். பம்பும் வெளிநீரும் நின்றிருக்கின்றன என்பதை உறுதி செய்தபின், உள்ளே ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். அழுத்தம் இருக்கும்போது அடைப்பைக் கழற்றினால் அது தெறித்து வரும், பின்னால் கொதிநீரும் பீறிடும். கழற்றும்போது நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அடைப்பைக் கழற்றியபின் மேலே உள்ள பாதுகாப்பு வால்வின் நெம்பைத் தூக்கினால் காற்று புகுந்து நீர் வேகமாக வடியும்.

சபர்பன் என்னும் நிறுவனத்தின் ஹீட்டர்களில் தொட்டி உட்புறம் பீங்கான் பூச்சுள்ள எஃகால் ஆனது; வடிகால் அடைப்புடன் ஒரு அனோடு கம்பியும் சேர்ந்து வெளியே வரும். எஃகு அரிக்கப்படாமல் இருக்கத் தன்னையே அரிக்கக் கொடுப்பதுதான் அந்தக் கம்பியின் வேலை. அது முக்கால்வாசி தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். அட்வுட் வகை ஹீட்டர்களின் தொட்டி அலுமினியம். அவற்றில் பிளாஸ்டிக் அடைப்பு மட்டுமே இருக்கும், அதற்கு அனோடு கம்பி போடத் தேவையில்லை. அடைப்பைத் திறந்த கையோடு, உள்ளே படிந்திருக்கும் வெண்ணிறச் சுண்ணப் படிவையும் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவது நல்லது. துளைக்குக் கீழே சிறிது நீர் தங்கும். விரிவதற்கு அதற்கு மேலே தாராளமாக இடம் இருப்பதால் அது தீங்கு செய்யாது.

பைபாஸ் இல்லாமல் ஆன்டிஃப்ரீஸ் செலுத்தினால் முதலில் ஹீட்டர்தான் நிறையும். பரவலாக இருக்கும் அளவுகளில் அது ஏறத்தாழ 23 லிட்டர் அல்லது 38 லிட்டர் பிடிக்கும். அத்தனையும் வீண். பைபாஸ் சில வாகனங்களில் ஒரே வால்வாகவும், சிலவற்றில் இரண்டு அல்லது மூன்று வால்வுகளாகவும் இருக்கும். எல்லாவற்றையும் திருப்பினீர்களா என்று எண்ணிப் பாருங்கள். இறுதியாக, மின்சார ஹீட்டரின் சுவிட்சின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி ‘காலி’ என்று எழுதி வையுங்கள். நீர் இல்லாத தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் அதன் சூடேற்றும் கம்பி சில நிமிடங்களிலேயே எரிந்துவிடும்.

தொட்டி இல்லாத உடனடி ஹீட்டர்களுக்கும் இதே முறைதானா?

இல்லை. அவற்றின் உள்ளே நீர் மிகக் குறுகலான வளைவுகள் வழியாகச் செல்வதால், மிஞ்சும் நீர் குறைவானாலும் சேதம் பெரிது. சில மாதிரிகளில் உறைதலைத் தடுக்கும் மின்வசதி உண்டு. மின்சாரம் இருக்கும்வரைதான் அது வேலை செய்யும், பேட்டரி இணைப்பைக் கழற்றிய வாகனத்தில் அதனால் பயனில்லை. காற்றா ஆன்டிஃப்ரீஸா என்பதில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அறிவுரை மாறுகிறது என்பதால், உங்கள் மாதிரியின் கையேடு சொல்வதை அப்படியே பின்பற்றுங்கள்.

காற்றால் ஊதுவது நல்லதா, ஆன்டிஃப்ரீஸ் நல்லதா?

காற்றால் ஊதினால் குளிர் நீங்கியபின் அலசும் வேலை குறைவு, பைப்பில் எந்தச் சுவையும் தங்காது. ஆனால் தொய்ந்த பைப்பில் நீரின் மேலாகக் காற்று ஓடிவிட்டு, அடியில் நீரை விட்டுச் செல்லக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ஆன்டிஃப்ரீஸ் அந்த இடத்தையும் நிரப்புகிறது, சரியாகச் சென்று சேர்ந்ததா என்பதை அதன் நிறமே காட்டிக்கொடுக்கிறது.

இரவில் மட்டும் லேசாக உறையும் இடங்களில் காற்றால் ஊதிவிட்டு, பம்பிலும் வளைவுகளிலும் மட்டும் ஆன்டிஃப்ரீஸ் விட்டால் போதும். வாரக்கணக்கில் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே நிற்கும் இடங்களில் முதலில் காற்றால் ஊதிவிட்டு, பிறகு பைப் வரிசை முழுவதும் ஆன்டிஃப்ரீஸ் செலுத்துவதையே நான் வலியுறுத்துவேன். இரண்டையும் செய்வது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றலாம். நீர் முதலில் வெளியேறிவிட்டால் ஆன்டிஃப்ரீஸும் குறைவாகவே செலவாகும், நீர்த்தும் போகாது.

கம்ப்ரசரில் எவ்வளவு அழுத்தம் வைக்க வேண்டும்?

30 முதல் 40 பிஎஸ்ஐ வரை, அதாவது ஏறத்தாழ 2 முதல் 3 பார் வரை, போதுமானது. 50 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. பைப் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும் இணைப்புகளும் கழிவறை வால்வும் தாங்கும் என்று சொல்ல முடியாது. கம்ப்ரசரின் அழுத்தக் கட்டுப்பாட்டை முதலில் அமைத்துவிட்டு, உள்ளே ஏதேனும் ஒரு குழாயைத் திறந்து வைத்த பின்னரே காற்றை இணையுங்கள். வெளிநீர் இணைப்பில் பொருந்தும் சிறிய காற்று அடாப்டர் இதற்கென்றே கிடைக்கிறது.

ஒரே நேரத்தில் ஒரு குழாய் மட்டும் திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் திறந்துவைத்தால் காற்று எளிதான வழியில் ஓடிவிடும். தொலைவில் உள்ள குழாயில் தொடங்கி, வெந்நீர்ப் பக்கம், குளிர்நீர்ப் பக்கம் எனத் தனித்தனியாக, நீர்த்துளி நின்று வெறும் காற்று வரும்வரை ஊதுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் சிறிது நேரம் விட்டு இன்னொரு சுற்று ஊதினால், சுவரில் ஒட்டியிருந்து கீழே இறங்கிய நீரும் வந்துவிடும். இரண்டாவது சுற்றில் வரும் நீரின் அளவு பலரை வியக்க வைக்கும்.

எந்த ஆன்டிஃப்ரீஸை வாங்க வேண்டும்?

கேம்பர்களின் குடிநீர் அமைப்புக்கென்று குறிப்பிட்டு விற்கப்படும், புரொப்பிலீன் கிளைகால் அடிப்படையிலான திரவத்தை மட்டும் வாங்குங்கள். அது வழக்கமாக இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். ஆனால் நிறத்தை நம்பாமல், லேபிளில் பொருளின் பெயரைப் படியுங்கள். கார் எஞ்சினுக்கான ஆன்டிஃப்ரீஸில் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால் இருக்கிறது, அது கொடிய நஞ்சு. அதன் இனிப்புச் சுவையால் வளர்ப்புப் பிராணிகளும் குழந்தைகளும் ஏமாறும் அபாயம் உண்டு. கார்க் கண்ணாடி கழுவும் திரவத்தில் இருக்கும் மெத்தனாலும் நஞ்சே. இவை இரண்டும் குடிநீர் பைப்புக்குள் ஒரு முறைகூடப் போகக் கூடாது.

விலை குறைவான சில திரவங்களில் எத்தனால் கலந்திருக்கும். அது எளிதில் தீப்பற்றும், ரப்பர் வாஷர்களை உலர்த்தும், அலசிய பின்னும் சுவை பிடிவாதமாக நிற்கும். முடிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

லேபிளில் மைனஸ் 46 டிகிரி என்று இருக்கிறதே, அதுவரை உறையாது என்று பொருளா?

பொருள் அதுவல்ல, இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பைப்பை வெடிக்க விடாமல் காக்கும் எல்லையைத்தான் அந்த எண் குறிக்கிறது. திரவம் மைனஸ் 10, 12 டிகிரி வாக்கிலேயே கூழ்போலத் திரளத் தொடங்கலாம். அந்தக் கூழ் மென்மையாக இருப்பதால் பைப்பை நெருக்காமல் நகர்ந்து கொடுக்கும். ஆகவே, உள்ளே கூழைப் பார்த்து அஞ்ச வேண்டாம்.

அந்த எண் மேலும் நீர் கலக்காத திரவத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறவாதீர்கள். பாட்டிலில் இருப்பது ஏற்கெனவே பயன்பாட்டுக்கு ஏற்றபடி கலந்து தரப்பட்டது. பைப்பில் நின்ற நீர் சேரச் சேர அதன் காப்பு வேகமாகக் குறைகிறது. இதைவிடக் கடுங்குளிருக்கென மைனஸ் 73 டிகிரி என்று குறிக்கப்பட்ட வகையும் கிடைக்கிறது.

எவ்வளவு தேவைப்படும்? எப்படிச் செலுத்துவது?

ஹீட்டர் பைபாஸ் செய்யப்பட்டிருந்தால் பெரும்பாலான வாகனங்களுக்கு 8 முதல் 12 லிட்டர் வரை போதும். வாஷிங் மெஷினோ இரண்டு குளியலறைகளோ இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கும் பம்புக்கும் இடையில் மூன்று வழி வால்வும் ஒரு சிறு உறிஞ்சுகுழலும் இருக்கும் வாகனங்களில் வேலை எளிது. குழலைப் பாட்டிலுக்குள் விட்டு, வால்வைத் திருப்பி, பம்பை இயக்கினால் போதும். இல்லாத வாகனத்தில் இந்த வால்வைப் பொருத்திக்கொள்வது, கேம்பரில் செய்யக்கூடிய சிறு மாற்றங்களிலேயே மிகவும் பயனுள்ளது. தாழ்முனை வடிகால்களை மூடியபின், பம்புக்கு அருகில் உள்ள குழாயில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து செல்லுங்கள். முதலில் இருமுவதுபோல் காற்றும் நீரும் மாறி மாறி வரும், பிறகு தெளிந்த நீரில் வெளிர்நிறச் சாயல் தெரியும், அதன்பின் நிறம் அடர்ந்து பாட்டிலில் இருந்த அதே இளஞ்சிவப்பாகும். வெளிர்நிறம் கண்டதும் மூடிவிடுவதுதான் வழக்கமான தவறு. பாட்டிலின் நிறத்தோடு ஒத்துப்போகும்வரை விட்டு, அதன்பின் மூடி, அடுத்த பக்கத்துக்குச் செல்லுங்கள்.

வெளிப்புற ஷவர், கழிவறை, அதன் தெளிப்பான் ஆகியவற்றையும் இதேபோல் முடியுங்கள். வெளிநீர் இணைப்பின் ஒருவழி வால்வு மட்டும் எஞ்சியிருக்கும். பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கியபின், இணைப்பில் உள்ள சல்லடையை எடுத்துவிட்டு, உள்ளே தெரியும் சிறு முனையை விரலாலோ மழுங்கிய குச்சியாலோ மெல்ல அழுத்துங்கள். முதலில் தேங்கிய நீரும் பின்னால் இளஞ்சிவப்புத் திரவமும் வரும். வந்ததும் விட்டுவிடலாம். கடைசியாக ஒவ்வொரு கழுவுதொட்டி வளைவிலும் ஷவர் வடிகாலிலும் ஒரு கோப்பை அளவு ஊற்றி, எல்லாக் குழாய்களையும் திறந்து வையுங்கள்.

ஆன்டிஃப்ரீஸைச் சுத்த நீர்த் தொட்டியிலேயே ஊற்றிவிடக் கூடாதா?

கூடாது என்பதைவிட வீண் என்பதே சரி. தொட்டியின் அடியில் எப்போதும் சிறிது நீர் நிற்பதால் திரவம் நீர்த்துப் போகும், பம்ப் இழுக்கும் மட்டம் வரை நிரப்பவே பல லிட்டர் வேண்டும், குளிர் நீங்கியபின் தொட்டியை அலசி முடிவதும் பெரும்பாடு.

ஃபில்டர், ஐஸ் மேக்கர், வாஷிங் மெஷின் ஆகியவற்றை என்ன செய்வது?

ஃபில்டரின் உட்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வெற்றுக் கூட்டை மீண்டும் பொருத்துங்கள். கார்பன் ஃபில்டர் வழியாக ஆன்டிஃப்ரீஸ் சென்றால் அதன்பின் அந்த ஃபில்டர் எதற்கும் உதவாது. ஈரமான உட்கூட்டை மாதக்கணக்கில் வைத்திருந்து மீண்டும் பயன்படுத்துவதும் உடல்நலத்துக்கு உகந்ததல்ல.

வாஷிங் மெஷினிலும் ஐஸ் மேக்கரிலும் மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள் இருக்கின்றன. இயந்திரத்தை இயக்கினால்தான் அவை திறக்கும். ஆகவே ஆன்டிஃப்ரீஸ் செலுத்தும்போது வாஷிங் மெஷினை வெந்நீரிலும் குளிர்நீரிலும் சற்று நேரம் இயக்கி, அதன் வடிகால் பம்பையும் ஓடவிட வேண்டும். ஐஸ் மேக்கருக்கு நீர் செல்லும் பைப்பை மூடிக் கழற்றி வடிப்பது எளிது.

கழிவுத் தொட்டிகளும் உறையுமா?

உறையும். பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டி, கழிவறைத் தொட்டி இரண்டையும் காலி செய்து அலசியபின், வளைவுகளில் ஊற்றிய ஆன்டிஃப்ரீஸ் இறங்கி அவற்றின் வடிகால் வால்வுகளைச் சூழ்ந்துகொள்ளும். அந்த வால்வுகளின் ரப்பர் பட்டைகள் காய்ந்து ஒட்டிக்கொள்ளாமலும் அது காக்கும். கழிவறைக் கிண்ணத்திலும் சிறிது விட்டு வைத்தால் அதன் அடைப்பு ரப்பர் காயாது.

என் ஹீட்டரில் குளிரில் தானாகத் திறக்கும் வால்வு இருக்கிறது. அது போதுமா?

ட்ரூமா ஹீட்டர்களில் உள்ள ஃப்ராஸ்ட் கண்ட்ரோல் வால்வு, தன்னைச் சுற்றியுள்ள இடம் ஏறத்தாழ 3 டிகிரிக்கு இறங்கியதும் தானாகத் திறந்து ஹீட்டரின் நீரைக் கீழே விட்டுவிடும். அந்த இடம் ஏறத்தாழ 7 டிகிரிக்கு மேல் வந்தால்தான் மீண்டும் மூட முடியும். அது ஹீட்டரை மட்டுமே காக்கிறது. பம்பும் குழாய்களும் அதன் பொறுப்பில் இல்லை. இரவில் திடீரென வாகனத்தின் அடியில் நீர் கொட்டினால் பைப் உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம், முதலில் இந்த வால்வைப் பாருங்கள். அப்போது பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் சுத்த நீர்த் தொட்டியும் சேர்ந்து காலியாகும் என்பதால், குளிர் இரவுகளில் பம்பை அணைத்துவிட்டுப் படுப்பது நல்ல பழக்கம்.

உறைபனியிலேயே வாகனத்தில் தங்கி, நீரையும் பயன்படுத்த முடியுமா?

முடியும், ஆனால் சூடேற்றுவதை ஒரு மணி நேரம்கூட நிறுத்தக் கூடாது. பைப்புகள் செல்லும் இடமெல்லாம் வெப்பமும் செல்ல வேண்டும் என்பதே இங்கே முதல் விதி. மூடிய அடித்தளத்துக்குள் சூடான காற்றைச் செலுத்தும் வாகனங்களில், உட்புறத்தை மின்சார ஹீட்டரால் மட்டும் சூடேற்றினால், அந்தச் சூடான காற்றைத் தரும் ஃபர்னஸ் இயங்காது. நீங்கள் கதகதப்பாக உறங்கும்போது கீழே தொட்டிகள் உறையும். கழுவுதொட்டிக்கும் படுக்கைக்கும் அடியில் உள்ள அலமாரிக் கதவுகளை இரவில் திறந்துவைத்தால், அங்கே செல்லும் பைப்புகளுக்கும் அறையின் வெப்பம் கிடைக்கும்.

வெளிநீரை நாள் முழுவதும் இணைத்து வைக்காதீர்கள். தொட்டியை நிரப்பி, ஹோஸைக் கழற்றி வடித்துச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, பம்பில் புழங்குவதே பாதுகாப்பானது. மின்சாரத்தால் சூடேறும் ஹோஸ் இருந்தாலும், அது பொருந்தும் தரைக்குழாய் சூடேறுவதில்லை. தொட்டிகளின் அடியில் ஒட்டும் மின் சூட்டுப் பட்டைகள் நன்றாக உதவும். பலவற்றில் ஏறத்தாழ 7 டிகிரியில் தானாக இயங்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் இருக்கும். காலியான தொட்டியில் அவற்றை இயக்கக் கூடாது.

பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டியின் வடிகால் வால்வைத் திறந்தே வைக்கும் பழக்கத்தைக் குளிரில் கைவிட வேண்டும். மெல்லியதாக வழியும் நீர் வடிகால் பைப்பில் படலம் படலமாக உறைந்து, இரண்டே நாளில் அதை அடைத்துவிடும். மூடிவைத்து, நிறைந்ததும் ஒரே மூச்சில் கொட்டுங்கள்.

எரிபொருளையும் கவனியுங்கள். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும்; புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். கோடைக்கு வாங்கிய பியூட்டேன் சிலிண்டருடன் பனிக்குப் போனால், சிலிண்டரில் கேஸ் இருந்தும் ஹீட்டர் நள்ளிரவில் அணைந்துவிடும். அப்படி அணைந்தால் சமையல் அடுப்பைப் பற்றவைத்து வாகனத்தைச் சூடேற்ற ஒருபோதும் முயலாதீர்கள். மூடிய வாகனத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். பைப் போனால் மாற்றிக்கொள்ளலாம்.

குளிர்காலத்தின் நடுவே ஓரிரு நாள் பயணம் போக வேண்டியிருந்தால்?

அமைப்பை அப்படியே விட்டுவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் கேன்களில் நீர் கொண்டு செல்லுங்கள். கழிவறைக்கு ஆன்டிஃப்ரீஸ் கலந்த நீரைக் குவளையில் எடுத்து ஊற்றலாம். கழுவுதொட்டியில் நீர் விட்டிருந்தால், திரும்பி வந்ததும் வளைவுகளில் மீண்டும் ஆன்டிஃப்ரீஸ் ஊற்ற மறவாதீர்கள்.

ஏற்கெனவே உறைந்துவிட்டால் என்ன செய்வது?

பம்பை உடனே அணைத்து, குழாய்களைத் திறந்து வையுங்கள். வாகனத்தின் உட்புறத்தை மெல்லச் சூடேற்றி, அலமாரிகளைத் திறந்து, எட்டும் இடங்களில் ஹேர் டிரையரால் குழாயிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சூடு காட்டுங்கள். அப்போதுதான் உருகும் நீர் வெளியேற வழி இருக்கும். தீச்சுடரையோ கொதிநீரையோ பயன்படுத்த வேண்டாம். உடைந்த இடம் உறைந்திருக்கும்வரை ஒழுகாது, உருகிய பின்தான் தெரியும். ஆகவே முழுவதும் உருகும்வரை வாகனத்தை விட்டு அகலாதீர்கள், துணிகளையும் ஒரு வாளியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் நீங்கியபின் அமைப்பை எப்படி மீட்பது?

கடைசி உறைபனி இரவு கடந்துவிட்டது என்று உறுதியானதும், வடிகால்களை மூடி, சுத்த நீர்த் தொட்டியில் நீர் நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் நிறமும் நுரையும் மறையும்வரை விடுங்கள். ஹீட்டரின் பைபாஸை அதுவரை மாற்றாதீர்கள். முன்கூட்டியே மாற்றினால் ஆன்டிஃப்ரீஸ் ஹீட்டருக்குள் புகுந்து, அதை அலசவே பல தொட்டி நீர் செலவாகும்.

பிறகு கிருமிநீக்கம். வாசனை சேர்க்காத சாதாரண வீட்டு பிளீச்சை, தொட்டி பிடிக்கும் ஒவ்வொரு 60 லிட்டருக்கும் 60 மில்லி என்ற கணக்கில் முதலில் ஒரு வாளி நீரில் கரைத்து, அதன்பின் தொட்டியில் ஊற்றி நிரப்புங்கள். 5 சதவீத பிளீச்சில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் குளோரினாகும். எல்லாக் குழாய்களிலும் குளோரின் வாசனை வரும்வரை விட்டு, குறைந்தது 4 மணி நேரம் நிறுத்தி வைத்து, வடித்து, வாசனை போகும்வரை அலசுங்கள். சில ஹீட்டர் தயாரிப்பாளர்கள் குளோரினை அனுமதிப்பதில்லை. உங்கள் கையேடு அப்படிச் சொன்னால், பைபாஸைத் திருப்பாமலேயே இதை முடித்துவிடுங்கள்.

ஃபில்டருக்குப் புதிய உட்கூடு போட்டு, ஹீட்டரின் அடைப்பைத் திருகி, பைபாஸை மாற்றி, ஹீட்டரில் நீரை நிரப்புங்கள். வெந்நீர்க் குழாயில் காற்று நின்று நீர் சீராக வந்த பின்னரே ‘காலி’ என்று எழுதிய தாளைப் பிரிக்கலாம். அடுத்து எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பம்பை இயக்கி, அழுத்தம் ஏறி அது தானாக நிற்கும்வரை பொறுத்திருங்கள். நின்றபின் அரை மணி நேரம் யாரும் நீரைத் தொடாமல் வாகனத்துக்குள் அமைதியாக இருந்து கேளுங்கள். ஒரு குழாயும் திறக்காமலே பம்ப் மீண்டும் ஒரு முறை உறுமினால், எங்கோ நீர் ஒழுகுகிறது. வெளிநீர் இணைப்பின் பின்புறம், கழிவறை வால்வு, வெளிப்புற ஷவர் பெட்டி ஆகிய மூன்றையும் கையில் ஒரு காகிதத் துண்டுடன் முதலில் தடவிப் பாருங்கள்.